கம்பியைக் கட்டும் கம்பி

பெரிய பொருள்களைப் போற்றுவதற்கு உலகில் ஆட்கள் எப்பொழுதும் உண்டு. ஒரு கட்டடத்தைக் காண்போர் அதன் உயரத்தைப் புகழ்வர். சற்று விவரம் அறிந்தோர் சிமெண்டின் தரத்தையும் இரும்பின் பருமனையும் வினவுவர். ஆனால் அவ்விரும்புகளை ஒன்றோடொன்று பிணைத்துக் கட்டுகின்ற மெல்லிய கம்பி எத்தகையது என்று ஒரு வார்த்தை கேட்பார் எவருமில்லை. அந்தக் கம்பியைப் பற்றியே இவ்வாரம் சில கூற விரும்புகிறோம். இலக்கியப் பகுதியில் இரும்புக் கடைச் சாமானுக்கு என்ன வேலை என்று சில அன்பர்கள் முகஞ்சுளிக்கலாம். நாம் உறங்கும் அறையின் மேல்தளமும், நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் படிக்கட்டும் எவ்வாறு நிற்கின்றன என்பதை அறிவது கற்றோர்க்குத் தகாத விஷயம் என்று நாம் கருதவில்லை.

முதற்கண் அடிப்படையைச் சொல்லிவிடுவோம். கான்கிரீட்டு என்பது ஒரு கல். நசுக்கினால் நன்றாகத் தாங்கும், இழுத்தால் தாங்காது. அதன் இழுவலிமை நசுக்குவலிமையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே. இரும்போ இழுப்பைத் தாங்குவதில் இணையற்றது. இவ்விரண்டையும் ஒருங்கு சேர்க்கும் எண்ணம் அரண்மனை கட்டியவர்களிடத்தில் பிறக்கவில்லை. பிரான்சு நாட்டில் லம்போ என்பவர் 1848ஆம் ஆண்டில் கம்பிவலையின் மீது சிமெண்டுச் சாந்தைப் பூசி ஒரு சிறு படகு செய்தார். 1855ஆம் ஆண்டில் அது பாரிசுக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. அந்நாட்டிலேயே மோனியே என்னும் தோட்டக்காரர், செடி வைக்கும் தொட்டிகள் உடையாமலிருக்க வேண்டிக் கம்பியை உள்ளிட்டு வார்த்து, 1867ஆம் ஆண்டில் அம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்று சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் வானத்தை முட்டி நிற்கும் கட்டடங்கள் பலவற்றுக்கும் ஒரு தோட்டக்காரரின் பூந்தொட்டி மூதாதையாகும்.

இரும்பு எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருந்தால்தான் பயன் தரும். இருபுறமும் சுவரில் தங்கிய தளத்தில் பாரம் ஏறினால் அது நடுவில் கீழ்நோக்கி வளைய முற்படும், ஆகவே அங்கே அடிப்புறத்தில் இழுப்பு, கம்பியும் அடிப்புறத்தில். ஒரு பக்கம் மட்டும் தங்கி மறுபக்கம் வெறுவெளியில் நீண்டு நிற்கும் நிழற்கூரையிலோ இழுப்பு மேற்புறத்தில். ஆகவே கம்பியும் மேற்புறத்தில் இருத்தல் வேண்டும். இதைக் கணக்கிட்டு வரைபடத்தில் காட்டுபவர் பொறியாளர். ஆனால் கான்கிரீட்டு ஊற்றப்படும் வேளையில் பொறியாளரின் வரைபடம் வந்து கம்பியைப் பிடித்துக்கொள்வதில்லை. ஈரக் கலவை பெரும் பாரத்துடன் வந்து விழுகிறது. அதிர்விக்கும் கருவி உள்ளே நுழைந்து குலுக்குகிறது. ஆட்கள் கம்பிகளின் மேலேயே மிதித்து நடக்கின்றனர். அத்தனை அமளியிலும் ஒவ்வொரு கம்பியையும் அதனதன் இடத்தில் நிறுத்தி வைப்பது கட்டுக் கம்பியின் முடிச்சு ஒன்றே. கலவை இறுகிய பின்னர் அம்முடிச்சுக்கு வேலையில்லை. கட்டடத்தின் வலிமையில் அதற்குப் பங்கும் இல்லை. சில மணி நேரமே அதன் பணி. அந்தச் சில மணி நேரத்தில் அது கைவிட்டால், பின்னர் ஐம்பது ஆண்டுகளுக்கும் அத்தவறு திருத்தப்படாமல் கல்லுக்குள் உறைந்து கிடக்கும்.

இதை நாம் நேரிற் கண்டு தெளிந்த வரலாறு ஒன்றுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நமது வட்டாரத்துத் தோட்டமொன்றின் பொதுமண்டபத்தைப் புதுப்பித்து, முன்புறத்தில் கான்கிரீட்டு நிழற்கூரை ஒன்று போடுவதென்று தீர்மானமாயிற்று. பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் மழையில் நனையாமல் பேருந்துக்குக் காத்து நிற்க வேண்டும் என்பதே நோக்கம். அதற்கென அமைந்த குழுவில் நமக்கும் ஓர் இடம் அளித்திருந்தனர். பொறியாளர் ஒருவர் வரைபடம் எழுதித் தந்தார். தோட்ட மக்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். ஆகவே எதிலும் சிக்கனம் வேண்டும் என்பது எல்லோருடைய எண்ணமுமாயிருந்தது. குழுவினருள் ஒருவர், நல்லெண்ணத்தோடுதான், வேலி கட்டி மிச்சமான நாகம் பூசிய கம்பிச் சுருளொன்றைக் குறைந்த விலைக்கு வாங்கி வந்து வைத்துவிட்டார். "கம்பியைக் கட்டும் கம்பிக்கு எந்தக் கம்பியாயிருந்தால் என்ன? பளபளவென்று இருக்கிறது, துருவும் பிடிக்காது" என்பது அவர் வாதம்.

கம்பி கட்ட வந்த மேஸ்திரி புதுக்கோட்டைப் பக்கத்தவர், அறுபதை அணுகியவர், தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கண்டவர். அவர் அந்தச் சுருளிலிருந்து ஒரு சாண் நீளம் வெட்டியெடுத்தார், இரு விரலால் மடித்தார், விட்டார். மடிந்த கம்பி மெல்ல விரிந்துகொண்டது. பின்னர் இரண்டு இரும்புகளின் குறுக்கே அதைச் சுற்றிக் கொக்கியால் முறுக்கினார். இரண்டாம் சுற்றுக்குள்ளாகவே அது முறிந்தது. "ஐயா, இது வேலிக்கு நல்ல கம்பி. இதை வைத்து நான் கட்டமாட்டேன். கட்டினால் நீங்கள் பார்க்கும்போது கட்டியிருக்கும், ஊற்றும்போது அவிழ்ந்திருக்கும்" என்று கூறிவிட்டுக் கொக்கியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

குழுவில் உடனே சலசலப்பு உண்டாயிற்று. மறுநாள் காலை கான்கிரீட்டு லாரி வருவதற்குச் சொல்லியாயிற்று. ஒரு கூலியாள் இவ்வாறு மறுப்பதா என்று சிலர் மனத்தாங்கல் கொண்டனர். நாம் மேஸ்திரியையே விளக்கும்படி கேட்டோம். அவர் சொன்னதன் சாரம் இது: கூரையின் கனம் ஆறு அங்குலம், அதாவது ஏறக்குறைய 150 மில்லிமீட்டர். மேற்புறக் கம்பியின் நடு, அடிமட்டத்திலிருந்து 120 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். முடிச்சுகள் நெகிழ்ந்து, மிதிபட்டு, அது 40 மில்லிமீட்டர் இறங்கினால் மீதி 80. கூரை தாங்கும் திறனில் மூன்றில் ஒரு பங்கு அப்பொழுதே போயிற்று. முற்றும் அடியில் படிந்துவிட்டால் இரும்பு இருந்தும் இல்லாததற்குச் சமம். பலகையைப் பிரிக்கும்வரை கூரை நிற்கும். பிரித்த பின் எப்பொழுது விழும் என்று எவரும் சொல்ல முடியாது. "இதன் கீழே நிற்கப் போவது பிள்ளைகள்தானே?" என்று அவர் கேட்ட கேள்விக்குக் குழுவில் மறுமொழி இல்லை.

வேலிக் கம்பி ஐந்து நிமிடத்தில் கைவிடப்பட்டது. பட்டணத்துக் கடைக்கு ஆளனுப்பிச் சரியான கம்பி வந்து சேர அரை நாளாயிற்று. மேஸ்திரியும் அவருடன் வந்த இருவரும் டன் கணக்கில் கூலி பேசியவர்கள். கட்டாத நேரத்திற்கு அவர்களுக்குக் காசில்லை. அந்த அரை நாளைக் கூலியை யார் தருவது என்று நாம் கேட்டபொழுது, கம்பியை மாற்ற ஐந்து நிமிடத்தில் இசைந்த அதே குழு ஒரு மணி நேரத்திற்கு மேல் விவாதித்தது. இறுதியில் தரப்பட்டது என்பதைக் குழுவின் நற்பெயருக்காகக் கூறிவைக்கிறோம்.

இனி, நல்ல கட்டுக் கம்பி யாது என்பதைப் பார்ப்போம். முதல் இலக்கணம் மென்மை. தடித்த கம்பியைச் சிறு துளைகளின் வழியே குளிர்ந்த நிலையிலேயே இழுத்து இழுத்து மெலியச் செய்கின்றனர். இழுபட்ட கம்பி வலுவுறும். கூடவே விறைத்தும் போகும். அதனைச் சுமார் 700 பாகை செல்சியசுக்குக் காய்ச்சி மெல்ல ஆறவிட்டால் விறைப்பு நீங்கிக் குழையும் தன்மை பெறும், மேனி கறுத்துவிடும். கடைகளில் கறுப்புக் கம்பி என்று கேட்டு வாங்குவது இதனையே. தோட்டத்து அன்பர்களுக்கு ஓர் உவமை கூறலாம். பால்மரக் காடுகள் பலவும் இன்று செம்பனையாக மாறிவிட்டன. எனினும் மரத்தில் பால் மங்கைத் தாங்கி நின்ற கம்பியைப் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். மரம் பருக்கப் பருக்க அதற்கு இடங்கொடுத்து, அதே சமயம் இறுகப் பற்றவும் வேண்டியிருந்ததால், அங்கே துள்ளி மீளும் கம்பி வேண்டியதாயிற்று. கட்டுக் கம்பிக்கு அக்குணம் ஆகாது. மடித்தால் மடிந்தபடியே கிடக்க வேண்டும். முறுக்கினால் முறுக்கியபடியே நிற்க வேண்டும். ஒரு தொழிலுக்குக் குணமாயிருப்பது மற்றொன்றுக்குக் குற்றமாகிறது.

இரண்டாவது, பருமன். கம்பியின் பருமனை எண்ணால் குறிக்கும் வழக்கம் பழையது. பிரிட்டனில் 1884ஆம் ஆண்டில் அது சட்டப்படியான அளவாயிற்று. எண் ஏற ஏறக் கம்பி மெலியும் என்பதைப் புதியோர் நினைவில் வைத்தல் வேண்டும். 16ஆம் எண் ஏறக்குறைய 1.6 மில்லிமீட்டர், 18ஆம் எண் 1.2, 20ஆம் எண் 0.9. எடைக்கு விற்கப்படும் பொருளாதலால் கணக்கைப் பாருங்கள்: ஒரு கிலோவில் 1.6 மில்லிமீட்டர்க் கம்பி சுமார் 63 மீட்டர் கிடைக்கும், 1.2 சுமார் 112 மீட்டர், 0.9 ஏறக்குறைய 200 மீட்டர். மெல்லியதை வாங்கினால் நீளம் மும்மடங்கு என்று மகிழ்வோர், அதன் பலம் மூன்றில் ஒன்று என்பதையும் சேர்த்தெண்ண வேண்டும். தூணிலும் பெரிய உத்தரத்திலும் கனத்த இரும்புகளைக் கட்ட 16ஆம் எண் தக்கது. தளத்தில் பரப்பும் சிறு இரும்புகளுக்கு 18ஆம் எண் போதும். 20ஆம் எண்ணை ஒற்றையாகக் கட்டாமல் இரட்டையாக மடித்துக் கட்டுவர். தேவைக்கு மேல் தடித்ததும் தீங்கே. அது கையை ஒடிக்கும், முடிச்சும் சரியாக இறுகாது.

எவ்வளவு கம்பி செல்லும் என்று கேட்பீர்கள். ஒரு டன் இரும்புக்கு எட்டு முதல் பத்து கிலோ என்பது தொழிலாளர் கைக்கணக்கு. அஃதாவது இரும்பின் எடையில் நூற்றில் ஒன்று. நூற்றில் ஒன்றான இச்செலவில் பாதியை மிச்சம் பிடிப்பதற்காக மீதித் தொண்ணூற்றொன்பதையும் பணயம் வைப்பதைச் சிக்கனம் என்று எந்த அகராதியும் கூறாது.

மூன்றாவது, இனம் இனத்தோடு சேர்தல். கறுப்பு இரும்புக்குக் கறுப்புக் கம்பியே போதும்; சிமெண்டின் காரத்தன்மை இரண்டையும் ஒருங்கே துருவினின்றும் காக்கும். நாகம் பூசிய இரும்பானால் நாகம் பூசிய மென்கம்பி வேண்டும். மேலே பிசின் பூச்சுள்ள இரும்பானால் அப்பூச்சைக் கீறாதபடி பிளாஸ்டிக்கு உறையிட்ட கம்பி வேண்டும். துருவேறா எஃகை இட்டுக் கட்டினால் கம்பியும் துருவேறா எஃகாயிருத்தல் வேண்டும். பூசாமல் அப்படியே காட்சிக்கு விடும் வெளிப்புறச் சுவர்களில், முடிச்சின் துரு கசிந்து கறை விழாமலிருக்கவும் துருவேறா எஃகுக் கம்பியைப் பயன்படுத்துவதுண்டு. நம் மேஸ்திரியிடம் வேலிக் கம்பி தோற்றது பூச்சினால் அன்று, விறைப்பினால். ஆயினும் கறுப்பு இரும்பின் நடுவே சிறிதளவு நாகம் இருப்பதால் காப்பும் பெரிதாக இல்லை. இரு உலோகங்கள் ஈரத்தில் கூடும்பொழுது நாகமே முதலில் தன்னைக் கரைத்துக்கொள்ளும்.

கம்பி நல்லதாயினும் கட்டும் முறை கெட்டால் பயனில்லை. தளத்தின் ஓரங்களில் ஒவ்வொரு சந்தியிலும், நடுப்பரப்பில் ஒன்றுவிட்டு ஒரு சந்தியிலும் கட்டுவது பொதுவழக்கம். தளத்திற்கு ஒற்றைச் சுற்று முடிச்சு போதும். நிமிர்ந்து நிற்கும் சுவரிலும் தூணிலும், வழுகிக் கீழிறங்காதபடி சுற்றிவளைத்துக் கட்டும் உறுதியான முடிச்சு வேண்டும். முடிச்சின் வால்கள் உட்பக்கமாக மடக்கப்பட வேண்டும். இரும்பின்மேல் மூடும் கான்கிரீட்டுப் படலத்திற்குள் ஒரு வால் நீட்டிக்கொண்டிருந்தால், ஈரமும் உப்பும் உள்ளே செல்ல அது வழிகாட்டியாகும். வெட்டி விழுந்த துண்டுகளையும் ஊற்றுவதற்கு முன் பொறுக்கிவிட வேண்டும். பலகையின்மேல் கிடக்கும் துண்டுகளே பின்னர் மேல்தளத்தில் பழுப்புப் புள்ளிகளாகத் தோன்றுகின்றன.

துரு அழுக்கு மாத்திரம் அன்று. இரும்பு துருவாகும்பொழுது பன்மடங்கு பருக்கிறது; அந்தப் பருமனுக்கு இடமின்றிக் கான்கிரீட்டைப் பிளக்கிறது. சிங்கப்பூரின் பழைய வீடமைப்புக் கழக வீடுகளில் குளியலறை, சமையலறை மேல்தளங்கள் பொரிந்து உதிர்வதைக் கண்டிருப்பீர்கள். காற்றிலுள்ள கரியமிலவாயு ஆண்டுக்கணக்கில் உட்புகுந்து சிமெண்டின் காரத்தைப் போக்க, காப்பிழந்த இரும்பு துருப்பிடிப்பதே அதற்குக் காரணம். இது முதுமையால் வருவது. ஆயினும் மூடும் படலம் மெலிந்த இடத்தில் அம்முதுமை விரைந்து வரும். கடலோரத்தில் கட்டுவோர்க்கு உப்பின் அச்சமும் சேர்ந்துகொள்ளும்.

இவ்வளவு கூறியதால், கட்டுக் கம்பியே கட்டடத்தைக் காக்கும் என்று எவரும் மயங்க வேண்டாம். இரண்டு இரும்புகளை நீட்டிச் சேர்க்கும் இடத்தில் எத்தனை சுற்றுக் கட்டினாலும் அக்கட்டு இழுப்பைக் கடத்தாது. ஒன்றன்மேல் ஒன்று போதிய நீளம் படிந்திருக்க வேண்டும். இரும்பின் விட்டத்தைப்போல் 40 மடங்கு என்று பல இடங்களில் கொள்வர். 16 மில்லிமீட்டர் இரும்புக்கு அது 640 மில்லிமீட்டர். கணக்கே பிழையானாலோ எந்த முடிச்சாலும் பயனில்லை. 1986ஆம் ஆண்டு மார்ச்சு 15ஆம் நாள் சிங்கப்பூர்ச் சிராங்கூன் சாலையில், ஓவன் சாலைச் சந்திப்பருகே, நியூ வோர்ல்டு ஓட்டல் இருந்த ஆறு மாடிக் கட்டடம் சில நொடிகளில் நொறுங்கி விழுந்து 33 பேர் மாண்டனர். கட்டடத்தின் சொந்தப் பாரத்தையே கணக்கில் சேர்க்காமல் வடிவமைத்திருந்தனர் என்று விசாரணையில் வெளியாயிற்று. அங்கே கம்பி கட்டியவர்கள் எவ்வளவு கருத்தாகக் கட்டியிருந்தாலும் அதனைத் தடுத்திருக்க இயலாது. மேசையில் எழுதுவோர் பிழையைக் களத்தில் உழைப்போர் கை திருத்த முடியாது. களத்தில் நேரும் பிழையை மேசையும் காணாது. இருவரும் ஒருவர் சொல்லை ஒருவர் மதித்துக் கேட்பதொன்றே வழி.

கடைசியாக, கட்டும் கையைப் பற்றி ஒரு வார்த்தை. இன்று சிங்கப்பூர்க் கட்டுமான இடங்களில் இரும்பு கட்டுவோருள் தமிழ்நாட்டினின்றும் வங்காளதேசத்தினின்றும் வந்தோர் மிகப் பலர். வெயிலில் சுடும் இரும்பின்மேல் குனிந்து நின்று, ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முடிச்சுகளை முறுக்குகின்றனர். முதுகும் மணிக்கட்டும் தேய்வது இத்தொழிலின் தெரிந்த நோய். விறைத்த கம்பியானால் ஒவ்வொரு முறுக்கிலும் கை கூடுதலாக உழைக்கிறது. முறிந்து தெறிக்கும் துணுக்குக்குக் கண்ணும் தப்பாது. மின்கலத்தால் இயங்கிச் சிறு சுருளிலிருந்து தானே சுற்றி முறுக்கும் கருவிகள் இப்பொழுது வந்துள்ளன, அவற்றில் 0.8 முதல் 1 மில்லிமீட்டர் வரையுள்ள மென்கம்பி செல்கிறது. நீண்ட பிடி பொருத்தினால் நிமிர்ந்து நின்றே தளத்தைக் கட்டலாம். விலையை எண்ணித் தயங்கும் முதலாளிகள் ஒரு மணிக்கட்டின் விலை என்னவென்றும் எண்ணிப்பார்ப்பது நலம். டன் கணக்கில் கூலி பேசுவதிலும் ஒரு தீங்குண்டு: முடிச்சைக் குறைத்தவனுக்கு வருமானம் மிகும், கருத்தாய்க் கட்டியவனுக்கு நேரம் நட்டமாகும். நேர்மைக்குத் தண்டம் விதிக்கும் ஏற்பாட்டில் நேர்மையை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

ஆகவே, வீடோ மண்டபமோ கட்ட முனையும் அன்பர்கள் சிலவற்றைக் கைக்கொள்ள வேண்டுகிறோம். கம்பியை வாங்குமுன் ஒரு சாண் வெட்டி மடித்துப் பாருங்கள். மடிந்தபடி கிடக்கிறதா என்று காணுங்கள். உதிரும் துருவும் வடியும் எண்ணெயும் உள்ளதை ஒதுக்குங்கள். சுருளை மழையில் போடாமல் பலகைமேல் மூடி வையுங்கள். கலவை ஊற்றுவதற்கு முன் நீங்களே ஏறிச் சென்று நாலைந்து முடிச்சுகளைக் கையால் அசைத்துப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தக் கம்பி வேண்டும் என்பதை அதை முறுக்கப் போகிறவரிடம் கேளுங்கள். நம் தோட்டத்து நிழற்கூரையின்கீழ் இன்றும் காலை ஆறரை மணிக்குப் பிள்ளைகள் புத்தகப் பையுடன் பேருந்துக்குக் காத்து நிற்கின்றனர். தங்கள் தலைக்கு மேலே எந்தக் கம்பி கட்டியிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. பெரியவர்களாகிய நமக்குத் தெரிந்திருந்தால் போதும்.